பேட்டை, மகமை, உறவின்முறை: பிழைக்கப் போன ஊரில் காலூன்ற வைத்த அமைப்புகள்

கேள்வி இது: "வெளிநாட்டு நகரங்களில் புதிதாகக் குடியேறுகிறவர்களுக்கு வீடு, வேலை, பிள்ளைகளுக்குப் பள்ளி ஆகியவற்றைத் தேடிக் கொடுக்கத் தனி அமைப்புகள் இருக்கின்றன. நம் திருநெல்வேலிச் சீமையிலிருந்து நூறு, இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு பிழைப்புத் தேடிப் போனவர்களுக்கு அப்படி யாராவது இருந்தார்களா? உறவின்முறை, மகமை என்று பெரியவர்கள் சொல்வது அதைத்தானா?"

இருந்தார்கள். குடிபெயர்ந்தவர்களைப் பற்றி அரசாங்கம் நினைக்கத் தொடங்குவதற்கு வெகு காலம் முன்பே, சீமையின் தென்கோடித் தேரிக்காட்டிலிருந்து வடக்கே வணிகம் செய்யப் போன நாடார் குலத்தவர், தாங்கள் தங்கிய ஊர்தோறும் அப்படியோர் அமைப்பை உண்டாக்கிக் கொண்டார்கள். அதன் இடத்துக்குப் பேட்டை என்றும், பணத்துக்கு மகமை என்றும், அதை நடத்திய சபைக்கு உறவின்முறை என்றும் பெயர். மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் அது எப்படி இயங்கியது என்பது விளங்கும். கடல் கடந்து சிங்கப்பூருக்குப் போன கடையநல்லூர் மக்களும் தங்களுக்கென ஒரு சங்கத்தை நிறுவினார்கள். நம் ஊர்களில் அது போதிய அளவு அறியப்படவில்லை என்பதால் அதையும் இந்தப் பதிலில் சேர்த்திருக்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதிதாக வந்தவன் முதல் மூட்டையை விற்ற அன்றே பொதுப் பணத்துக்குத் தன் பங்கைச் செலுத்தியவனாக ஆகிவிட்டான். பின்னால் அவன் பெற்ற உதவி எதுவும் யாரும் இரங்கிக் கொடுத்ததாக இருக்கவில்லை. இந்த அமைப்புகள் நெடுங்காலம் நின்றதற்கு அதுவே முதற்காரணம்.

போனவர்கள் ஏன் போனார்கள் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். திருச்செந்தூர், உடன்குடி, காயாமொழி, சாத்தான்குளம், திசையன்விளை என்று விரியும் பகுதி செம்மணல் தேரியும் பனங்காடுமாக இருப்பது. பனைத் தொழில் ஆண்டு முழுவதும் சோறு போடுவதில்லை. பதநீர் இறங்கும் மாதங்களில் வீடு முழுவதும் அடுப்படியில் நிற்கும். பருவம் முடிந்தால் வருமானமும் முடிந்துவிடும். ஆனால் காய்ச்சிய கருப்பட்டி பல மாதம் கெடாது. கடற்கரை பக்கத்தில் இருந்ததால் உப்பும் கருவாடும் மலிவாகக் கிடைத்தன. இந்தச் சரக்குகளை மாட்டு வண்டியில் ஏற்றி, இவை கிடைக்காத வடக்கத்திக் கரிசல் சீமைக்குக் கொண்டுபோய் விற்று, அங்கே விளைந்த பருத்தியையும் தானியத்தையும் வாங்கித் திரும்பினால் இரண்டு வழியிலும் ஆதாயம் உண்டு. 1801-இல் பாளையக்காரர் போர் முடிந்து கம்பெனி ஆட்சி நிலைத்த பிறகு இந்தப் போக்குவரத்து பெருகியது. ஆயினும் வழி அச்சமில்லாததாக ஆகிவிடவில்லை. வண்டிகள் கூட்டமாகவே போயின. இடைவழியில் காவற்கூலி கொடுக்க வேண்டியிருந்தது. கொடுத்தும் சரக்குப் பறிபோவது உண்டு.

இந்த வணிகர்கள் வடக்கே நிலைகொண்ட ஊர்களில் ஆறு ஊர்கள் பெயர் பெற்றவை: சிவகாசி, விருதுப்பட்டி, அருப்புக்கோட்டை, பாலையம்பட்டி, திருமங்கலம், சாத்தங்குடி. விருதுப்பட்டி என்பது இன்றைய விருதுநகர். 1910-இல் இராமநாதபுரம் மாவட்டம் உருவாக்கப்படும் வரை சிவகாசியும் விருதுப்பட்டியும் திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருந்தன. ஒரே மாவட்டத்துக்குள் நடந்த இடப்பெயர்வு என்பதால் அதை எளிதாக எண்ணிவிடக் கூடாது. போனவர்களுக்கு அந்த ஊரில் நிலம் இல்லை, கோயிலில் உரிமை இல்லை, கிணற்றில் பங்கு இல்லை, பெண் கொடுத்துப் பெண் எடுக்க அண்டையில் உறவும் இல்லை. அக்கால வழக்கில் அவர்கள் அன்னியர்களே.

அவர்களுக்கு முதலில் வேண்டியிருந்தது, இரவில் வண்டியை அவிழ்த்துவிட்டுக் கண்ணயர ஓர் இடம். பேட்டை அதற்காகவே கட்டப்பட்டது. உயர்ந்த சுற்றுச்சுவரும், வண்டி நுழையுமளவு அகன்ற ஒரே வாசலும், உள்ளே ஒரு கிணறும், சரக்கை இறக்கி அடுக்கும் கொட்டகையும், மாடு கட்டும் வெளியும் கொண்டது அது. பொழுது சாய்ந்து வண்டிகள் உள்ளே வந்தபின் வாசல் அடைபடும். உள்ளே இருக்கும் சரக்கு யாருடையதாக இருந்தாலும் அன்று இரவு அது எல்லோருடைய பொறுப்பு. கிணறு உள்ளேயே இருந்தது மிக முக்கியமானது: ஊர்க்கிணற்றில் நீர் மொள்ள அனுமதி கேட்டு நிற்க வேண்டிய நிலையை அது நீக்கியது. பேட்டையை அடுத்துக் கடைகள் வந்தன. கடைகளை அடுத்து வீடுகள் வந்தன. தொடக்கத்தில் ஆண்கள் மட்டுமே போய் வந்துகொண்டிருந்தார்கள். பேட்டையின் காப்பு உறுதிப்பட்ட பிறகே மனைவி மக்களை அழைத்துக்கொண்டு போய்க் குடியிருக்கும் துணிவு அவர்களுக்கு வந்தது. குடியேற்றம் என்று சொல்லத் தக்கது அந்த நாளிலிருந்துதான் தொடங்குகிறது.

பேட்டையைக் கட்டவும் காக்கவும் பணம் வேண்டுமல்லவா? அங்கே வருகிறது மகமை. பேட்டையைப் பயன்படுத்துகிற ஒவ்வொரு வணிகனும் தான் விற்ற அல்லது வாங்கிய சரக்கின் அளவுக்கு ஏற்ப ஒரு சிறு தொகையைப் பொதுவுக்குச் செலுத்தினான். இது ஆண்டுக்கொரு முறை வீடு வீடாகக் கேட்டு வாங்கும் நன்கொடையைப் போன்றதன்று. சரக்கு தராசில் ஏறி இறங்கும் இடத்திலேயே, விலை பேசி முடியும் அந்த வேளையிலேயே, மூட்டைக்கு இவ்வளவு என்று பிரிக்கப்பட்டுவிடும். பத்து மூட்டை விற்றவனுக்குப் பத்து மடங்கு, ஒரு மூட்டை விற்றவனுக்கு ஒரு மடங்கு. வியாபாரம் இல்லாத நாளில் மகமையும் இல்லை. செல்வன் பெயர் கல்வெட்டில் பெரிதாக வரவும், எளியவன் கூனிக் குறுகவும் இதில் வாய்ப்பே கிடையாது. நம் பக்கத்து மண்டிக் கடைகளின் பழைய பற்றுச்சீட்டு எதையேனும் எடுத்துப் பாருங்கள்: சரக்கின் விலைக்குக் கீழே கமிஷன், ஏற்றுக்கூலி இறக்குக்கூலி, சாக்கு, அதற்கும் கீழே சில காசுகளாக மகமை என்று ஒரு வரி இருக்கும். அந்தக் கடைசி வரியில் சேர்ந்த காசில்தான் பள்ளிக்கூடங்களும் சத்திரங்களும் எழுந்தன.

மகமை நாடார் வணிகர்கள் மட்டும் கண்ட முறை என்று எண்ணிவிட வேண்டாம். நகரத்தார் உள்ளிட்ட பிற வணிகர்களும் கோயில் திருப்பணிக்கு மகமை வைத்திருந்தார்கள். இன்னும் பின்னே போனால், 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பிரான்மலைக் கல்வெட்டில், திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர் உப்பு, நெல், பாக்கு, மிளகு என ஒவ்வொரு சரக்குக்கும் இவ்வளவு என்று விகிதம் வைத்துக் கோயிலுக்கு விட்டுக் கொடுத்த செய்தி இருக்கிறது. வழியோரத்தில் காவலுடன் கூடிய வணிகப் பட்டணங்களை எறிவீரபட்டணம் என்ற பெயரில் அவர்கள் வைத்திருந்ததையும் கல்வெட்டுகள் காட்டுகின்றன. எனவே சரக்கின் மேல் பொதுப்பங்கு எடுப்பதும், அதைக் கொண்டு வழிப்போக்கு வணிகனைக் காப்பதும் தமிழ் வணிகத்தில் பல நூற்றாண்டுப் பழக்கம். தேரிக்காட்டு வணிகர்கள் செய்த புதுமை, கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த அந்தப் பங்கைக் குடியேறிய மக்களின் அன்றாடத் தேவைகளுக்குத் திருப்பியதுதான். அதை நான் பெரிய மாற்றமாகவே கருதுகிறேன்.

இந்தப் பணத்தை ஆண்டது உறவின்முறை. அந்த ஊரில் குடியேறிய ஒவ்வொரு குடும்பத்தின் தலைவரும் அதில் ஓர் உறுப்பினர். முறைவைத்துப் பொறுப்பேற்ற முறைகாரர்கள் வரவு செலவைப் பார்த்தார்கள். பெரியவர்கள் கூடி வழக்குகளைத் தீர்த்தார்கள். பாகப் பிரிவினை, கடன் தகராறு, கணவன் மனைவி பிணக்கு ஆகிய எதையும் முதலில் உறவின்முறையில் வைக்க வேண்டும். அதைக் கேளாமல் காவல் நிலையத்துக்கோ நீதிமன்றத்துக்கோ போவது குற்றமாகக் கருதப்பட்டது. தவறியவர்களுக்கு அபராதம் உண்டு. அதற்கும் பணியாதவர்களை ஒதுக்கிவைக்கும் அதிகாரமும் இருந்தது. பேட்டை, கிணறு, கோயில், திருமண மண்டபம், சுடுகாடு ஆகிய அனைத்தும் உறவின்முறையின் பொறுப்பில் இருந்தபடியால், ஒதுக்கப்பட்டவன் அந்த ஊரில் வாழ்வது அரிதாகிவிடும்.

புதிதாக ஓர் ஆள் வந்து இறங்கினால் என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பெரும்பாலும் அவன் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பையனாக இருப்பான். ஊரிலிருந்து முன்பே வந்து கடை வைத்திருக்கும் உறவினர் ஒருவர் அவனை அழைத்து வந்திருப்பார். கடையிலேயே சாப்பாடு, கடையிலேயே படுக்கை. வாசல் பெருக்குவதில் தொடங்கி, பொட்டலம் மடிப்பது, நிறுப்பது, சரக்கைக் கண்ணால் பார்த்தே தரம் சொல்வது, கடைசியாகக் கல்லாவில் உட்காருவது என்று படிப்படியாகத் தொழில் பழகுவான். சம்பளத்தைக் கையில் கொடுக்க மாட்டார்கள். அவன் பேரில் கணக்கில் வரவு வைப்பார்கள். சில ஆண்டுகள் கழிந்து திருமண வயது நெருங்கும்போது, அந்தத் தொகையை முதலாகக் கொடுத்து, மொத்தக் கடைகளில் கடனுக்குச் சரக்கு எடுக்க முதலாளியே பிணை சொல்லி, வேறு ஒரு தெருவிலோ வேறு ஓர் ஊரிலோ தனிக்கடை வைத்துக் கொடுப்பார். கடை திறந்த அன்றே அவன் மகமை செலுத்தத் தொடங்குவான். அடுத்த ஆண்டு தன் ஊரிலிருந்து ஒரு பையனை அழைத்து வருவான். மதுரைக் கீழமாசி வீதியிலும், சென்னைக் கொத்தவால் சாவடியிலும், தெருமுனைதோறும் அண்ணாச்சி கடைகளிலும் இந்த முறையில் வளர்ந்தவர்கள் எத்தனையோ பேர். சாட்சிப் பத்திரமும் அடமானமும் இல்லாமல் வாய்ச்சொல்லில் கடன் கிடைத்ததற்குக் காரணம், கடன்பட்டவன் ஏமாற்றினால் அவனுக்குப் போக்கிடம் இல்லாதபடி உறவின்முறை எல்லா ஊரிலும் இருந்ததுதான்.

1876-இல் மதுரையிலிருந்து தூத்துக்குடி வரை இரயில் பாதை திறக்கப்பட்டதும் பேட்டைக்கு இருந்த முதல் வேலை போய்விட்டது. சரக்கு ஓர் இரவில் வந்து சேரும்போது வண்டிக் கூட்டத்துக்குக் காவல் எதற்கு? இந்த நிலையில் பல அமைப்புகள் தேவை முடிந்ததோடு கலைந்துபோகும். உறவின்முறை கலையவில்லை, ஏனென்றால் மகமை நிற்கவில்லை. பாதை விருதுப்பட்டி வழியாகப் போனதால் அந்த ஊர் பருத்திக்கும் மிளகாய்க்கும் எண்ணெய்க்கும் பெரிய சந்தையாக வளர்ந்தது. மூட்டைகள் பெருகப் பெருக மகமையும் பெருகியது. காவலுக்குச் செலவான பணத்தை இனி எதற்குச் செலவிடுவது என்ற கேள்விக்கு அவர்கள் கண்ட விடை பள்ளிக்கூடம். 1889-இல் விருதுப்பட்டியில் க்ஷத்திரிய வித்யாசாலை தொடங்கப்பட்டது. பிற்காலத்தில் தமிழக முதல்வரான காமராசர் சிறுவராக இருந்தபோது அந்தப் பள்ளியில்தான் படித்தார்.

அந்தப் பள்ளியின் செலவுக்கு மகமை போதாதபோது பிடி அரிசி சேர்த்தார்கள். ஒவ்வொரு வீட்டிலும் உலை வைக்கும் பெண், அளந்தெடுத்த அரிசியிலிருந்து ஒரு கைப்பிடியை எடுத்துத் தனிப் பானையில் போட்டுவிடுவாள். பானை நிறைந்ததும் ஆள் வந்து வாங்கிப் போவார். அது விற்றுப் பள்ளிக் கணக்கில் சேரும். கடைக்கே வராத, உறவின்முறைக் கூட்டத்தில் உட்கார இடமில்லாத பெண்கள் அந்த ஊரின் பொதுப் பணத்தில் பங்கு செலுத்திய வழி இதுவொன்றே. வரலாறு எழுதுகிறவர்கள் பிடி அரிசியை ஒரு வரியில் கடந்துபோகிறார்கள் என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. மகமையாவது ஆதாயத்தில் ஒரு பங்கு. பிடி அரிசி அன்றைக்குச் சமைக்க வேண்டிய சோற்றில் ஒரு பங்கு.

குடியேறிய ஊரில் கடையும் பள்ளியும் வந்துவிட்டதால் மட்டும் ஊர்க்காரர் ஆகிவிட முடியவில்லை. கோயில் நுழைவைப் பற்றிய சச்சரவுகள் முற்றின. 1897-இல் கமுதிக் கோயிலில் நுழைந்ததை எதிர்த்து இராமநாதபுரம் அரசர் தொடுத்த வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908-இல் நாடார்களுக்கு எதிராகவே தீர்ந்தது. இடையில் 1899-இல் சிவகாசி தாக்கப்பட்டுப் பெரும் உயிரிழப்பும் பொருளிழப்பும் நேர்ந்தன. கலவரம் திருநெல்வேலி மாவட்டத்தின் பல ஊர்களுக்கும் பரவியது. தனித்தனி ஊர்களின் உறவின்முறைகள் இவ்வளவு பெரிய இடரைத் தாங்கப் போதாது என்ற உணர்வு அந்த ஆண்டுகளில் வலுத்தது. 1910-இல் தஞ்சைப் பகுதியின் பொறையாறில் இரத்தினசாமி நாடார் கூட்டிய மாநாட்டில் நாடார் மகாஜன சங்கம் தோன்றியது. படிக்கும் மாணவர்களுக்குக் கடனாகப் பணம் கொடுத்து, அவர்கள் வேலைக்குப் போனபின் திருப்பி வாங்கி அடுத்தவருக்குக் கொடுக்கும் திட்டத்தைச் சங்கம் நெடுங்காலம் நடத்தியது. சங்க மாநாடுகளில் எழுந்த யோசனையின் பயனாக 1921-இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி தொடங்கப்பட்டது. 1962-இல் அது தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி என்று பெயர் மாறியது. கடைப் பையனின் சம்பளத்தை முதலாளி தன் கணக்கேட்டில் வரவு வைத்துக் காத்த வேலையை இப்போது ஒரு வங்கி செய்யத் தொடங்கியது.

இதே சீமையில் இன்னொரு குடியேற்ற முயற்சியும் முன்பே நடந்திருக்கிறது. கிறித்தவம் தழுவியதால் தம் ஊர்களில் இருக்க முடியாமற்போனவர்களுக்காக 1799-இல் முதலூர் என்ற ஊர் உருவானது. பாளையங்கோட்டையில் இருந்து பணிசெய்த கிறித்தவப் பாதிரியார் இரேனியசு ஐயர் 1830-இல் தர்ம சங்கம் ஒன்றை ஏற்படுத்தி, அதன் பணத்தில் நிலம் வாங்கி அடைக்கல ஊர்களை அமைத்தார். அது தனியே எழுத வேண்டிய பொருள்.

உறவின்முறையின் குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அது குலத்தின் எல்லைக்குள் அடங்கியது. அதே ஊரில் பிழைக்க வந்த வேறு குலத்து ஏழைக்கு அதன் வாசல் திறக்கவில்லை. வணிகனைக் காத்த அளவுக்கு, தேரிக்காட்டில் பனையேறிக்கொண்டே இருந்துவிட்ட தன் குலத்துத் தொழிலாளியை அது நெடுநாள் எட்டிப் பார்க்கவில்லை. பெண்களுக்கு அதில் குரல் இல்லை. கடைப் பையன்கள் பலருக்குப் பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது. நல்ல முதலாளி வாய்த்தவன் கடைக்காரன் ஆனான், வாய்க்காதவன் கணக்கில் ஏறிய சம்பளத்தைக் கேட்டுப் பெறவும் ஆளின்றிப் போனான். ஒதுக்கிவைக்கும் அதிகாரமும் எப்போதும் நியாயமாகவே பயன்பட்டிருக்கும் என்று சொல்வதற்கில்லை. உதவி செய்கிற கையும் தண்டிக்கிற கையும் ஒன்றாக இருக்கும் இடத்தில் இந்த ஆபத்து இருந்தே தீரும். இந்தக் குறைகளைத் தெரிந்துகொண்டுதான் அதன் சாதனைகளை மதிக்க வேண்டும்.

இனிக் கடையநல்லூருக்கு வருவோம். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், 2019-இல் தென்காசி மாவட்டம் பிரியும் வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த ஊர் அது. அங்கும் தென்காசியிலும் வாழ்ந்த முஸ்லிம் மக்களில் பெரும்பாலோர் கைத்தறி நெசவாளர்கள். ஆலைத்துணி பரவித் தறி நின்றபோது, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் அவர்கள் சிங்கப்பூருக்குப் போகத் தொடங்கினார்கள். சிங்கப்பூருக்கு அதற்கு முன்பே சென்ற சோழமண்டலக் கரைத் தமிழ் முஸ்லிம்கள் வணிகர்கள். அவர்கள் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு ஆண்களாகப் போய் வந்தவர்கள். கடையநல்லூரார் அவ்வாறு செய்யவில்லை. ஊரில் தறியும் நிலமும் இல்லாதவர்களுக்குத் திரும்பி வர என்ன இருக்கிறது? முதலில் ஆண்கள் போய்த் துறைமுகத்திலும் கடைகளிலும் கூலி வேலை பார்த்தார்கள். பிறகு பெண்களையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டார்கள். துறைமுகத்தை அடுத்த தஞ்சோங் பகார் பகுதியில் நெருங்கி வாழ்ந்தார்கள். பெண்கள் அம்மியில் மசாலா அரைத்து விற்றுக் குடும்ப வருமானத்தில் பங்கெடுத்தார்கள். தமிழ் முஸ்லிம் பெண்கள் பெருந்தொகையாகக் குடும்பத்தோடு சிங்கப்பூரில் குடியேறியது இந்த மக்களிடையேதான்.

இவர்களுக்கு மூட்டையும் இல்லை, தராசும் இல்லை; ஆகவே மகமை எடுக்க வழியில்லை. கூலியில் மிச்சம் பிடித்த பணத்தைக் கொண்டுதான் 1941-இல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக்கை நிறுவினார்கள். அடுத்த ஆண்டே, 1942 பிப்ரவரியில், நகரம் ஜப்பானியர் கைக்குப் போனது. போர் முடிந்து நகரம் மூச்சுவிடத் தொடங்கிய 1946-இலேயே அந்தச் சங்கம் தஞ்சோங் பகாரில் உமறுப்புலவர் தமிழ்ப்பள்ளியைத் திறந்தது. சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் நம் சீமையின் எட்டயபுரத்தில் வாழ்ந்து அங்கேயே அடக்கமானவர். பெயர் வைத்தவர்கள் தங்கள் மார்க்கத்தையும் மொழியையும் பிறந்த சீமையையும் ஒரே பெயரில் கொண்டுவந்துவிட்டார்கள். துறைமுகக் கூலிகள் சேர்த்த பணத்தில் தொடங்கிய அந்தப் பள்ளி, 1960-இல் உயர்நிலைப் பள்ளியாகவும் வளர்ந்தது. சிங்கப்பூரில் தமிழ்வழியில் உயர்நிலைக் கல்வி தந்த பள்ளி அது ஒன்றே.

குடியேறியவர்கள் எதைக் கொண்டு வந்தார்களோ, அதைக் காப்பதற்கே அவர்களுடைய அமைப்பும் அமைந்தது என்பது என் எண்ணம். தேரிக்காட்டு வணிகன் சரக்கோடு வந்தான். ஆகையால் அவனுக்கு முதலில் மதிற்சுவர் எழுந்தது, பள்ளி ஏறத்தாழ நூறாண்டு கழித்தே வந்தது. கடையநல்லூர் நெசவாளி பிள்ளைகளோடு வந்தான். ஆகையால் அவனுடைய சங்கம் நிறுவப்பட்ட ஐந்தே ஆண்டுகளில் பள்ளியைத் திறந்துவிட்டது.

சங்கத்தால் தடுக்க முடியாத மாற்றங்களும் வந்தன. 1953-இல் சிங்கப்பூரின் குடிநுழைவுச் சட்டம் இறுகியபின், ஊரிலிருந்து உறவினரை அழைத்துக்கொள்வது கடினமாயிற்று. 1971-இல் பிரிட்டிஷ் இராணுவம் வெளியேறியபோது, அதன் தளங்களில் வேலை பார்த்த இந்தியத் தொழிலாளர்கள் பலர் வேலை இழந்து நாடு திரும்பினார்கள். பழைய குடியிருப்புகள் இடிக்கப்பட்டு, மக்கள் தீவின் பல மூலைகளில் எழுந்த அடுக்குமாடிகளுக்குப் பிரிந்து போனார்கள். பெற்றோர்கள் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிகளில் சேர்க்கத் தொடங்கியதால் தமிழ்ப்பள்ளிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன; எஞ்சி நின்ற உமறுப்புலவர் பள்ளியும் 1982-இல் மூடியது. அதற்கு அடுத்த ஆண்டு அரசு தொடங்கிய தமிழ்மொழி நிலையத்துக்கு அதே பெயர் சூட்டப்பட்டது. தங்கள் பள்ளியில் தமிழ் கற்க வசதியில்லாத மாணவர்கள் இன்றும் அங்கே வந்து தமிழ் படிக்கிறார்கள்.

மும்பைத் தாராவிக்குப் போன திருநெல்வேலி மக்களைப் பற்றியும் பலர் கேட்பது உண்டு. அங்கே தோல் பதனிடும் தொழிலை நம்பிப் போனவர்களில் ஆதிதிராவிடர்களும் முஸ்லிம்களும் மிகுதி. 1913-இல் எழுந்த பிள்ளையார் கோயிலைச் சுற்றி அவர்களுடைய ஊர்ச் சங்கங்கள் வளர்ந்தன. தொண்ணூறு அடிச் சாலையில் பெண்கள் வரிசையாகப் பொங்கலிடுவது இன்றும் நடக்கிறது.

கடைசியாக, அரசாங்கமே இந்த வேலையை ஏற்றுக்கொண்ட காலத்தையும் குறிப்பிட்டால்தான் உங்கள் கேள்விக்கு முழு விடை ஆகும். 1964 அக்டோபரில் லால் பகதூர் சாஸ்திரியும் சிரிமாவோ பண்டாரநாயக்காவும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, இலங்கையிலிருந்து இந்திய வம்சாவளியினர் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டியதாயிற்று. அதே ஆண்டுகளில் பர்மாவில் கடைகளும் தொழில்களும் நாட்டுடைமை ஆக்கப்பட்டதால் அங்கிருந்தும் தமிழர்கள் கூட்டங்கூட்டமாகத் திரும்பினார்கள். இலங்கையிலிருந்து வந்தவர்கள் இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, குடும்ப அட்டையும் கடனுக்கான தாளும் பெற்றுக்கொண்டு, திருநெல்வேலி உட்படப் பல மாவட்டங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் பலர் தேயிலைத் தோட்டத்தில் மூன்று தலைமுறையாகக் கொழுந்து பறித்தவர்கள்; கடை வைத்தோ சந்தையில் பேரம் பேசியோ பழக்கம் இல்லாதவர்கள். அவர்கள் கையில் வணிகக் கடன் கொடுக்கப்பட்டது. தொழில் பழக்கிவிட முதலாளி இல்லை, பிணை சொல்ல உறவினர் இல்லை, சரக்கைக் கடனுக்குத் தர மொத்தக் கடைக்காரர் இல்லை. கொடுத்த தொகை சில மாதங்களில் சாப்பாட்டுச் செலவில் கரைந்துபோன குடும்பங்கள் ஏராளம். கொடுத்தவர்கள் மனத்தில் நல்லெண்ணம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்தக் குடும்பம் வந்து இறங்கிய ஊரில், அது பிழைத்தால் தனக்கு ஆதாயம், நொடித்தால் தனக்கு நட்டம் என்று நினைக்க ஒரு மனிதரும் இல்லை.

அந்தக் குறையை உணர்ந்து செய்ததாக நான் மதிக்கும் ஏற்பாடு ஒன்று உண்டு. 1969-இல் மத்திய அரசு, தாயகம் திரும்பியோருக்கென ஒரு கூட்டுறவு வங்கியைத் தொடங்கியது. இன்று ரெப்கோ வங்கி என்று அறியப்படுவது அதுதான். மத்திய அரசோடும் தென் மாநில அரசுகளோடும், திரும்பி வந்த மக்களும் அதில் பங்குதாரர்களாகச் சேர்க்கப்பட்டார்கள். கடன் வாங்க வந்தவரையே உறுப்பினராக ஆக்கிய அந்த விதி, மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை வைத்த பேட்டை வணிகர்களின் கணக்குக்கு மிக நெருங்கியது.